முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளை ஏன் வீட்டுக்கு வரவில்லை?

அக்காவின் மகன் கொழும்பில் நடந்த ஒரு பன்னாட்டுத் திறந்த செஸ் சுற்றுப்போட்டிக்குப் போயிருந்தான். முதல் நாள் பின்னேரம் கோண்டாவிலில் அவர்கள் வீட்டுக் குசினிக்குள் நுழைந்தபோது அக்கா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுளகு விளிம்பில் சாய்த்து வைத்த போனில் முடிவுப் பட்டியல் தெரிந்தது. மகனின் பெயருக்கு நேரே ஒரு சைபர்.

“முதல் ஆட்டமே தோத்திட்டான் தம்பி. இனி என்னத்துக்கு அங்கை நிக்கிறான்? இரவு பஸ்ஸிலை ஏறச் சொல்லு.”

நான் அக்காவைக் குறை சொல்லமாட்டேன். செஸ் பழகும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். “தோத்தும் ஏன் விளையாடுறான்?”, “இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி, பிறகு ஏன் அந்தப் பிள்ளை மேலே, எங்கடை பிள்ளை கீழே?”, “கிராண்ட்மாஸ்டர் ஆக எத்தனை கப் வெல்ல வேணும்?” இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காததால் ஒன்பது வயதுப் பிள்ளை, தான் செய்யாத பிழைக்கு ஏச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காய் எப்படி நகரும் என்றுகூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. போட்டி எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

உதைபந்தாட்டம் தந்த பழக்கம்

எங்கள் ஊர்களில் சுற்றுப்போட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது விலகல் முறை உதைபந்தாட்டம். மின்னொளியில் விடிய விடிய நடக்கும். தோற்ற கழகம் அன்றே மூட்டை கட்டிவிடும். செஸ்ஸிலும் விலகல் முறை இருக்கிறது. உலகக் கிண்ணப் போட்டி அப்படித்தான் நடக்கிறது. 2023இல் பாகுவில் பிரக்ஞானந்தா இறுதி வரை போய் முன்னாள் உலகச் சம்பியன் கார்ல்சனிடம் தோற்றது அந்தப் போட்டியில்தான்.

இன்னொன்று லீக் முறை. எல்லாரும் எல்லாரோடும் ஆடவேண்டும். இதைவிட நியாயமான முறை இல்லை. உலகச் சம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் 8 பேர்தான். ஒருவரோடு ஒருவர் இரண்டு தடவை ஆடுவதால் 14 சுற்று. 2024இல் டொரொன்டோவில் குகேஷ் 9 புள்ளி எடுத்து அதை வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய சம்பியன் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் உலகச் சம்பியனும் ஆனார்.

8 பேருக்கு லீக் சரி. 200 பேர் வந்தால்? ஒவ்வொருவரும் மற்ற 199 பேரோடும் ஆடவேண்டும். மொத்தம் 19,900 ஆட்டம். நாளுக்கு இரண்டு சுற்று வைத்தாலும் 100 நாள் வேண்டும். விலகல் முறையில் 8 சுற்றில் முடித்துவிடலாம்தான். ஆனால் முதல் நாளே 100 பேர் வீட்டுக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய் ஒரேயொரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பி வருவதற்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

திறந்த சுற்றுப்போட்டி என்பது பெயருக்கேற்றபடி எல்லாருக்கும் திறந்தது. கிராண்ட்மாஸ்டரும் வரலாம், பத்து வயதுப் பிள்ளையும் வரலாம். வந்த எல்லாரும் கடைசி நாள் வரை ஆடவேண்டும், ஒன்பது பத்து நாளுக்குள் வெற்றியாளரும் தெரியவேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பதுதான் சுவிஸ் முறை.

சுவிஸ் என்றதும் எங்களுக்குச் சூரிச்சிலும் பேர்ணிலும் இருக்கும் சொந்தங்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இந்த முறையும் அங்கிருந்துதான் வந்தது. 1895இல் சூரிச்சில் நடந்த ஒரு செஸ் போட்டியில் யூலியஸ் முல்லர் என்பவர் இதை நடைமுறைப்படுத்தினார்.

சுளகில் கொழிப்பது

சுவிஸ் முறையின் விதி இரண்டே இரண்டு. ஒன்று, இதுவரை உன்னளவு புள்ளி எடுத்தவரோடு ஆடு. மற்றது, ஒருமுறை ஆடியவரோடு மறுபடி ஆடாதே. வென்றால் 1, சமநிலை என்றால் ½, தோற்றால் 0. யாரும் வெளியேறுவதில்லை.

அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தக் கைக்கெட்டிய தூரத்தில் சுளகு இருந்தது. அரிசி கொழிக்கும்போது ஒரே தட்டில் கல்லும் குறுணலும் பிரிந்துவிடுமா? முதல் அசைவில் கொஞ்சம் விலகும். அடுத்த அசைவில் இன்னும் கொஞ்சம். ஒன்பது தரம் அசைத்த பிறகு முழு அரிசி ஒரு பக்கமும் குறுணல் மறுபக்கமும் வடிவாக ஒதுங்கிவிடும். நடுவில் மட்டும் இரண்டும் கலந்து கிடக்கும். சுவிஸ் முறையிலும் ஒவ்வொரு சுற்றும் ஓர் அசைவு. மேல் நுனியும் கீழ் நுனியும் முதலில் தெளியும். நடுப்பகுதி கடைசிவரை கலங்கலாகவே இருக்கும். 90ஆம் இடத்துக்கும் 105ஆம் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒன்பது சுற்று போதுமா? சமநிலைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். 200 பேரில் முதல் சுற்றில் வென்றவர் 100. அவர்கள் தங்களுக்குள் மோத 50. பிறகு 25, 13, 7, 4, 2, கடைசியில் 1. எட்டுச் சுற்றில் தோல்வியே காணாதவர் ஒருவர்தான் மிஞ்சுவார். ஒன்பது சுற்று தாராளம். பெரிய போட்டிகளில் 11 சுற்றும் வைப்பார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டும் 11 சுற்றுச் சுவிஸ் முறைதான். அங்கே தனி ஆளுக்குப் பதில் நாடுகளின் அணிகள்.

சுருக்கமாக: தோற்றவர் வெளியே போவதில்லை, தோற்றவர்களின் கூட்டத்துக்குள் போகிறார். வென்றவர் வென்றவர்களின் கூட்டத்துக்குள் போகிறார். அதனால் சுற்றுக்குச் சுற்று எதிராளியின் பலம் உங்கள் பலத்தை நெருங்கி வரும்.

முதல் சுற்றில் ஏன் அவ்வளவு பெரிய ஆள்?

அக்காவின் அடுத்த கோபம் இதுதான். “சின்னப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலை அவ்வளவு பெரிய ஆளோ? ஆரோ வேணுமெண்டு போட்டிருக்கினம்.”

யாரும் வேண்டுமென்று போடவில்லை. எந்தப் பலகையில் யாரோடு யார் என்று தீர்மானிப்பதைச் சோடி சேர்ப்பு என்போம். நடுவர் நினைத்தபடி அதைச் செய்யமுடியாது. விதிகள் முதலே எழுதப்பட்டவை, கணினி அவற்றின்படி சோடி சேர்க்கிறது.

முதல் சுற்றில் யாருக்கும் புள்ளி இல்லை. ஆகவே ரேட்டிங்கின்படி (அது என்னவென்று அடுத்துப் பார்ப்போம்) எல்லாரையும் வரிசையில் நிறுத்துகிறார்கள். 200 பேர் வரிசையைச் சரிநடுவில் வெட்டி மேல் பாதியைக் கீழ் பாதியோடு சேர்க்கிறார்கள். 1ஆம் ஆளுக்கு 101ஆம் ஆள், 2ஆம் ஆளுக்கு 102ஆம் ஆள். மருமகன் வரிசையில் 131ஆவது. அப்படியானால் அவனுக்கு 31ஆவது ஆள்தான் வரவேண்டும், அவரே வந்தார். அன்று கீழ் பாதியில் இருந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தோற்றார்கள். அந்தச் சைபர் பிள்ளையின் விளையாட்டைப் பற்றி எதையும் சொல்லவில்லை, வரிசை வெட்டப்பட்ட விதத்தைத்தான் சொல்கிறது.

இரண்டாம் சுற்றுக்கு, முதல் சுற்றில் சைபர் எடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ‘புள்ளிக் குழு’, அதாவது ஒரே புள்ளியில் நிற்பவர்களின் கூட்டம். அதையும் இதேபோல் நடுவில் வெட்டுவார்கள். இப்போது மருமகன் அந்தக் கூட்டத்தின் மேல் பாதியில் இருக்கிறான், அதனால் எளிய எதிராளி. வென்றான். மூன்றாம் சுற்றில் ஒரு புள்ளிக்காரரின் கூட்டத்தில் கீழ் பாதி, பலமான ஆள், தோல்வி. நான்காவதில் வெற்றி. ஊஞ்சல் போல் மேலும் கீழும் போகும். வரிசையின் நடுவுக்குக் கீழே தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் நான்கைந்து சுற்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதை அறியாமல் பெற்றோர் வெற்றிக்கொரு கொண்டாட்டம், தோல்விக்கொரு விசாரணை என்று நடத்தினால் பிள்ளை களைத்துப்போகும்.

வெள்ளைக் காயும் கறுப்புக் காயும் மாறி மாறி வரவேண்டும் என்பதும் சோடி சேர்ப்பின் விதி. பொதுவாக மூன்று சுற்று தொடர்ந்து ஒரே நிறம் கிடைக்காது. ஒரு குழுவில் ஆள் எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் ஒருவரைப் பக்கத்துக் குழுவுக்கு நகர்த்துவார்கள். மொத்தப் போட்டியுமே ஒற்றையாக இருந்தால் ஒருவருக்கு எதிராளி இல்லாமலே 1 புள்ளி கிடைக்கும். அதற்குப் பெயர் பை.

ரேட்டிங்: பரீட்சைப் புள்ளி அல்ல

ரேட்டிங் என்பது ஒருவரின் விளையாட்டுப் பலத்தைக் காட்டும் எண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் படிப்பித்த ஆர்பட் எலோ உருவாக்கிய முறை இது. உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே 1970இல் இதை ஏற்றது. ஃபிடே பட்டியலில் இப்போது மிகக் குறைந்த ரேட்டிங் 1400. கிராண்ட்மாஸ்டர்கள் 2500ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பார்கள்.

பரீட்சையில் 80 எடுத்தால் 80தான். ரேட்டிங் அப்படி அல்ல. அது மாட்டுவண்டிச் சவாரியில் காளைச் சோடியின் பெயரைப் போன்றது. பெயர்பெற்ற சோடி புதுச் சோடியை முந்தினால் திடலில் யாரும் பேசமாட்டார்கள். புதுச் சோடி முந்தினால் ஊரே பேசும். ரேட்டிங் செய்வதும் அதுதான். ஆட்டத்துக்கு முன்பே ‘இவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்’ என்று கணித்துவிட்டு, நடந்தது அதைவிடக் கூடவா குறையவா என்று பார்க்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் எதிர்பார்ப்பு பாதிக்குப் பாதி. 200 வித்தியாசம் என்றால் கூடியவர் 100 ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பார் என்று கணிப்பு. 400 வித்தியாசம் என்றால் 92.

மருமகனின் ரேட்டிங் 1650. ஆறாம் சுற்றில் அவனுக்கு 1850 ரேட்டிங் உள்ள ஒருவர் கிடைத்தார். கணிப்பின்படி மருமகனிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.24 புள்ளி. ஆட்டம் சமநிலையில் முடிந்து 0.5 கிடைத்தது. கூடுதலாக வந்தது 0.26. இதை ஒரு பெருக்கியால் பெருக்குவார்கள். 18 வயதுக்குக் குறைந்த, 2300ஐத் தாண்டாத பிள்ளைகளுக்கு அந்தப் பெருக்கி 40. ஆகவே 10.4 புள்ளி ஏறியது. வென்றிருந்தால் 30.4 ஏறியிருக்கும். தோற்றிருந்தால் இறங்குவது 9.6 மட்டும்தான்.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். பலமான ஆளிடம் தோற்றால் இழப்பு சிறியது, சமன் செய்தாலே வரவு. நல்ல திறந்த போட்டிக்குப் பிள்ளையை அனுப்புவதே அதற்காகத்தான். உள்ளூரில் தன்னைவிடக் குறைந்தவர்களை வென்று கப் அடுக்குவதைவிட அங்கே 9க்கு 4 எடுப்பது பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுருக்கமாக: புள்ளி இந்தப் போட்டிக்கு உரியது, போட்டியோடு முடிந்துவிடும். ரேட்டிங் பிள்ளையோடு வீட்டுக்கு வரும். புள்ளி குறைவாக எடுத்தவனுக்கும் ரேட்டிங் ஏறலாம்.

ஒரே புள்ளி, வேறு வேறு இடம்

ஆகக் கூடுதலாகச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். 200 பேர், ஒன்பது சுற்று. 4 புள்ளியில் மட்டும் முப்பது பேர் நிற்கலாம். அவர்களை எப்படி வரிசைப்படுத்துவது? இதற்கான கணக்குகளைச் சமநிலை முறிப்பு என்போம். அதில் அதிகம் பயன்படுவது புக்கோல்ஸ். பெயர் கடினம், விஷயம் இலகு: நீங்கள் சந்தித்த எதிராளிகள் எல்லாரும் அந்தப் போட்டியில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் புக்கோல்ஸ்.

ஒன்பது சுற்றும் முடிந்தபோது இரண்டு பேர் 6 புள்ளியில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் ஒன்பது எதிராளிகளும் சேர்ந்து 48 புள்ளி எடுத்திருக்கிறார்கள், மற்றவரின் எதிராளிகள் 41. முதலாமவர் ஏறிவந்த பாதை கடினமானது, ஆகவே அவருக்கு மேலிடம். இரண்டு பேரும் கிணற்றில் அள்ளியது ஒரேயளவு தண்ணீர்தான், ஆனால் ஒருவரின் கிணறு ஆழம் என்று விளங்கிக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் யார் வந்து வாய்ப்பார் என்பது எங்கள் கையில் இல்லையே, மிகப் பலவீனமான ஒருவர் வாய்த்தால் அது அநியாயம் அல்லவா? அதற்காகவே பல போட்டிகளில் மிகக் குறைந்த புள்ளி எடுத்த ஓர் எதிராளியைக் கழித்துவிட்டுக் கூட்டுகிறார்கள்.

இதிலிருந்து இன்னொரு பிழையான எண்ணமும் உடைகிறது. “முதலிரண்டு ஆட்டத்தைத் தோற்றால் பிறகு எல்லாம் லேசான ஆக்கள்தான், கடைசியிலை மேலே வந்திடலாம்” என்று சிலர் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். கீழ்வழியால் வருபவரின் எதிராளிகளுக்குப் புள்ளி குறைவு, புக்கோல்ஸும் குறையும், அதே புள்ளி எடுத்தவர்களுள் கடைசியில் நிற்கவேண்டி வரும். பலமானவர்களோடு ஆடும் வாய்ப்பும் போய்விடும்.

அதற்காக முதல் தோல்வியோடு எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2023இல் மான் தீவில் நடந்த கிராண்ட் சுவிஸ் போட்டியில் உலகின் முன்னணி வீரர்கள் நூற்றுக்கு மேல் ஆடினார்கள். இந்தியாவின் விதித் குஜராத்தி முதல் சுற்றில் நெதர்லாந்தின் எர்வின் லாமியிடம் தோற்றார். மீதிப் பத்து ஆட்டத்தில் 8½ எடுத்து அந்தப் போட்டியையே வென்றார். பெண்கள் பிரிவில் சென்னையின் வைஷாலி அதே 8½ புள்ளியோடு முதலிடம். அங்கிருந்துதான் இருவரும் டொரொன்டோ கேண்டிடேட்ஸுக்குப் போனார்கள். விதித்தின் கதையை அன்று குசினியில் சொன்னபோதுதான் அக்கா பஸ் கதையை விட்டார்.

கப்பும் பட்டமும்

கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஒரு போட்டியை வென்றால் கிடைப்பதில்லை. போட்டியை வெல்லாமலும் அதை எடுக்கலாம். தேவை இரண்டு: ரேட்டிங் 2500ஐத் தொட்டிருக்கவேண்டும், மூன்று நோர்ம் வேண்டும். நோர்ம் என்றால், பலமான எதிராளிகள் நிறைந்த ஒரு போட்டியில் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடும் தரத்தில் ஆடியதற்கான சான்று. சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கு அந்த அளவுகள் 2400, 2450. எதிராளிகளில் பிற நாட்டவரும் பட்டம் பெற்றவர்களும் போதிய அளவு இருக்கவேண்டும் என்று விதி. இளம் வீரர்கள் வெளிநாட்டுத் திறந்த போட்டிகளைத் தேடி ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

போனில் பார்க்கும்போது

முடிவுப் பட்டியலில் பெயருக்கு முன்னால் இருக்கும் முதல் எண் தற்போதைய இடம். ஆரம்ப எண் என்று இன்னொன்றும் இருக்கும், அது தொடக்க வரிசை. மருமகனுக்கு 131. பிள்ளை எப்படி ஆடுகிறது என்று அறிய இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே போதும். புள்ளிக்குப் பக்கத்தில் வரும் பெரிய எண்கள் சமநிலை முறிப்புக் கணக்குகள். பெயரை அழுத்தினால் சுற்றுவாரியாக எதிராளிகளும் அவர்களின் ரேட்டிங்கும் வரும். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

நேரடி ஒளிபரப்பில் பிள்ளையின் ஆட்டம் இல்லையே என்று பதற வேண்டாம். நகர்த்தல்களைத் தானாகவே அனுப்பும் பலகைகள் பொதுவாக மேலே உள்ள சில மேசைகளுக்கு மட்டும்தான். ஆட்டம் நடக்கும்போது பிள்ளைக்கு அழைப்பு எடுக்கவும் கூடாது. மண்டபத்துக்குள் போன் கொண்டுபோனால் ஆட்டமே பறிபோகலாம். ஓர் ஆட்டம் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டியும் நீளும், பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசிச் சுற்று ஞாயிறு காலை. மருமகன் மூன்றரைப் புள்ளியோடு உட்கார்ந்து, பத்தரைக்கெல்லாம் சமநிலையில் முடித்து, 4 புள்ளியோடு வெளியே வந்தான். அவனுடைய வேலை முடிந்தது. அப்போது பட்டியலில் அவன் 118. சற்று நேரத்தில் 121. பிறகு 116. ஆட்டம் முடிந்த பிள்ளையின் இடம் ஏன் இப்படி ஆடுகிறது என்று அத்தான் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்:

“அவனோடை விளையாடின ஆக்கள் இன்னும் விளையாடுகினம். அவையின்ரை புள்ளியும் இவன்ரை கணக்கிலை வரும்.”

சொல்லிவிட்டுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போனைக் கிட்ட எடுத்தார். ஐந்தாம் சுற்றில் மகனைத் தோற்கடித்த சென்னைப் பிள்ளையின் பெயரைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிள்ளையின் ஆட்டம் இன்னும் முடியவில்லை.

“இந்தப் பிள்ளை வெல்லவேணும், கந்தா” என்றார் அக்கா.